நீர்த்தேக்கத்தின் தரையை அளக்கத் துணைநின்றவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் நீர்த்தேக்கத்தின் வண்டல் அளவீடு நிறைவடைந்து, புதிய கொள்ளளவு அட்டவணை அணை நிர்வாகத்திடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டது. இப்பணிக்குத் தோள்கொடுத்த அனைவருக்கும் ஆய்வுக் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கவே இம்மடலை எழுதுகிறேன். உலகின் பெரிய அணைகள் 2050-க்குள் தம் தொடக்கக் கொள்ளளவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை வண்டலுக்கு இழக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் மதிப்பிட்டனர். குறிப்பிட்ட ஓர் அணை எவ்வளவு இழந்திருக்கிறது என்பதை நேரில் அளந்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

முதல் நன்றி, அணை கட்டுவதற்கு முன் எடுக்கப்பட்ட சம உயரக் கோட்டு வரைபடங்களைப் பல்லாண்டுகள் கரையான் அண்டாமல் காத்துவைத்திருந்த ஓய்வுபெற்ற வரைவாளர் ஐயாவுக்கு உரியது. தண்ணீர் தேங்குவதற்கு முன் பள்ளத்தாக்கு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், இன்றைய தரையை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் இடையில் சேர்ந்த மண்ணின் கன அளவைக் கணக்கிட வழியில்லை. எடுத்துக்காட்டாக, கர்நாடகத்தின் துங்கபத்ரா நீர்த்தேக்கம் 1953-இல் சுமார் 132 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி) கொள்ளளவுடன் பயன்பாட்டுக்கு வந்தது. அது 2008 அளவீட்டில் சுமார் 101 டிஎம்சி என்றும், 2016 அளவீட்டில் சுமார் 106 டிஎம்சி என்றும் கணக்கிடப்பட்டது. படிந்த வண்டல் இடையில் அவ்வளவு தானாகக் கரைந்து போயிருக்கும் என்று நான் நம்பவில்லை. அளக்கும் முறையும் ஒப்பிடும் அடிப்படையும் மாறினால் விடையும் மாறும் என்றே கொள்கிறேன். ஆகவேதான் அந்தப் பழைய தாள்களை இவ்வளவு பெரிதாக மதிக்கிறேன்.

படகோட்டிகளுக்கும், ஒலியை நீருக்குள் அனுப்பி அதன் எதிரொலி திரும்பும் நேரத்தைக்கொண்டு ஆழம் காணும் கருவியான ஒலிமானியை இயக்கிய குழுவினருக்கும் நாங்கள் பட்ட கடன் பெரிது. நீரில் ஒலி செல்லும் வேகம் வெப்பநிலைக்கேற்ப மாறும் என்பதால், ஒவ்வொரு காலையும் இரும்புத் தட்டு ஒன்றைச் சங்கிலியில் கட்டி, தெரிந்த ஆழத்துக்கு இறக்கி, கருவியும் அதே ஆழத்தைக் காட்டுகிறதா என்று சரிபார்த்த பின்னரே அவர்கள் படகைக் கிளப்பினர். இளகிய சேற்றின் மேற்பரப்பிலேயே எதிரொலிக்கும் உயர் அதிர்வெண்ணையும், அதனுள் ஊடுருவிக் கெட்டித் தரையைத் தொடும் தாழ் அதிர்வெண்ணையும் ஒருசேரப் பயன்படுத்தினர். இரண்டுக்கும் இடையிலிருந்த வேறுபாடே பல இடங்களில் புதிய படிவின் தடிமனை எங்களுக்குக் காட்டியது. கரையில் அளவுகோலருகே இருந்து நீர்மட்டத்தைக் குறித்துவந்த ஊழியர், காற்றில் அலை எழும்போதெல்லாம் அதன் முகட்டையும் பள்ளத்தையும் பார்த்து நடுமட்டத்தைப் பதிந்தார். அந்தப் பதிவேடு இல்லையேல் படகில் எடுத்த ஆழங்களைத் தரைமட்டமாக மாற்றியிருக்க முடியாது.

ஆய்வுக்கூடத்தார் குழாய்களில் எடுத்துவந்த மண்ணை நீளவாக்கில் பிளந்து காட்டியபோது, கரும்பழுப்புக் களிமண் அடுக்குகளுக்கு நடுவே விரல் தடிமனில் மணல் படிந்திருந்தது. வெள்ளம் வேகமாக வந்த காலத்தின் தடம் அது. அவர்கள் பொறுமையாக உலர்த்தி நிறுத்துக் கண்டறிந்த அடர்த்தி எங்களுக்கு இன்றியமையாததாக இருந்தது. ஏனெனில் புதிதாகப் படிந்த களிமண் நீர் கோத்து இலேசாக இருக்கும், பல ஆண்டுகளில் இறுகும். ஆற்றுநீர் ஆண்டுதோறும் இத்தனை டன் வண்டல் கொண்டுவருகிறது என்பதை மட்டும் வைத்து அது எவ்வளவு இடத்தை அடைக்கும் என்று சொல்லிவிட இயலாது.

வண்டல் முழுவதும் மதகுமட்டத்துக்குக் கீழே, பயன்படாத அடிப்பகுதியில்தான் சேரும் என்ற எண்ணம் இன்னும் பரவலாக இருக்கிறது. ஆனால் ஆறு நீர்த்தேக்கத்தினுள் நுழைந்து வேகம் இழக்கும் இடத்திலேயே பருமணல் படிந்து மேடாகிறது. ஆகையால் பாசனத்துக்கும் குடிநீருக்கும் பயன்படும் கொள்ளளவே குறையத் தொடங்குகிறது. எங்கள் நெடுக்குவெட்டு வரைபடத்திலும் இதுவே தெளிவாகத் தெரிந்தது. இதைப் பொதுக் கூட்டத்தில் எளிய சொற்களில் விளக்கிய மூத்த நீரியலாளர் அம்மையாருக்கு என் தனிப்பட்ட நன்றி. தூர்வாரினால் போதுமே என்று கேட்டவர்களிடம், சீனாவில் மஞ்சள் ஆற்றின் குறுக்கே உள்ள சான்மென்சியா அணையை அவர் எடுத்துக்காட்டினார். 1960-இல் நீர் தேக்கத் தொடங்கிய அவ்வணை சில ஆண்டுகளிலேயே வண்டலால் திணறியது. பின்னர் அடிமதகுகள் மீண்டும் திறக்கப்பட்டு, வெள்ளக் காலத்தில் கலங்கல் நீரை வெளியேற்றிவிட்டு அதன்பின் தெளிந்த நீரைத் தேக்கும் நடைமுறை அங்கு நிலைபெற்றது. எல்லா அணைக்கும் அது பொருந்தாது, வெளியேற்றும் சேறு கீழ்ப்பகுதி மீன்வளத்தைப் பாதிக்கலாம் என்பதையும் அவர் மறைக்காமல் சொன்னார்.

நிறைவாக, ஆழம் அளக்க நீர்த்தேக்கத்தின் குறுக்கே வகுத்த குறுக்குவெட்டுக் கோடுகளின் முனைகளில் நாட்டிய அளவைக் கற்களைத் தங்கள் நிலத்தில் வைக்க இசைந்த மேல்கரை உழவர்களுக்கு நன்றி. அடுத்த அளவீடும் இதே கோடுகளில் எடுக்கப்பட வேண்டும் என்பதால், உழும்போதும் வரப்பு மாற்றும்போதும் அக்கற்களை அசைக்காமல் காக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆழப் பதிவுகள், மண் பகுப்பாய்வு, வரைபடங்கள் ஆகியவற்றின் படிகள் பணியில் பங்கெடுத்த ஒவ்வொருவருக்கும் அனுப்பப்படும்.

நன்றியுடன்,
ஒருங்கிணைப்பாளர்,
வண்டல் அளவீட்டு ஆய்வுக் குழு