சாவி இல்லாமல் ஏலம் விடாதீர்கள்

வங்கி ஏல அறிவிப்புகளின் அடியில் ‘அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி’ என்று கையெழுத்திடும் எல்லோருக்கும் வணக்கம்.

கடன் கட்டாதவரின் அடமானச் சொத்தை வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே எடுத்து விற்க வழிசெய்யும் சர்பாசி சட்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கடனைக் கட்டச் சொல்லும் 60 நாள் நோட்டீஸ், சொத்தை எடுத்துக்கொண்டதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பு, ஏல அறிவிப்பு எல்லாம் நீங்கள் தினமும் புழங்கும் காகிதங்கள். எனக்குத்தான் புதிது. முதல்முறையாக வங்கி ஏலத்தில் ஒரு வீடு எடுத்தேன். பணம் முழுதும் கட்டியாகிவிட்டது, விற்பனைச் சான்றிதழ் வந்துவிட்டது, பதிவும் முடிந்தது. வீடு மட்டும் வரவில்லை. அதனால்தான் இந்த மடல். கேட்பது ஒன்றே ஒன்று: சாவி உங்கள் கைக்கு வந்த பிறகு வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவாருங்கள்.

சொத்தைப் பார்வையிடலாம் என்று அறிவிப்பில் ஒரு தேதி போட்டிருந்தீர்கள். போனேன். வங்கி அனுப்பிய தம்பி என்னைத் தெருமுனை டீக்கடையில் நிறுத்தி, அங்கிருந்தே கைகாட்டினார். “அந்தப் பச்சை கேட்தான் சார்.” உள்ளே போய்ப் பார்க்கலாமா என்றேன். “ஆள் இருக்காங்க சார், சத்தம் போடுவாங்க.” மாடிக் கொடியில் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. பின்பக்கம் எப்படி, போர்வெல் இருக்கிறதா, சுவரில் விரிசல் உண்டா, எதுவும் தெரியாது. கிளையில் கேட்டபோது, “இப்போதைக்கு சிம்பாலிக் பொசஷன்தான், ஏலம் முடிஞ்சதும் நாங்களே எடுத்துக் கொடுத்துடுவோம்” என்றார்கள். உள்ளே ஆள் இருக்க, கதவில் நோட்டீஸ் ஒட்டிப் போட்டோ எடுத்தால் அதற்குப் பெயர் சிம்பாலிக் பொசஷன், அதாவது காகிதத்தில் மட்டும் சுவாதீனம். அறிவிப்பிலும் ஆங்கில நிபந்தனைகளுக்கு நடுவே ஒரு சொல்லாக அது கிடந்தது.

இனி கெடுக்களைப் பாருங்கள். ஏலம் என் பெயரில் முடிந்தால் அன்றே, தப்பினால் அடுத்த வேலைநாளில் 25 சதவீதம் கட்ட வேண்டும். ஏலம் உறுதியானதிலிருந்து 15 நாளில் மீதி 75 சதவீதம். தவறினால் கட்டியது போச்சு. அந்த 25 சதவீதத்தையும் முழுதாகப் பறிமுதல் செய்தது செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. சரி, விதி விதிதான். நீங்கள் சாவி தருவதற்கு எத்தனை நாள்? எந்தக் காகிதத்திலும் இல்லை. வீட்டை எடுத்துத் தரச் சொல்லி, சர்பாசி சட்டத்தின் 14-ஆம் பிரிவில் கலெக்டரிடம் மனு போட்டிருப்பதாகச் சொல்கிறீர்கள். அவர் 30 நாளில், மிஞ்சினால் 60 நாளில் உத்தரவிட வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் கெடு கட்டாயமில்லை என்று 2020-ல் தீர்ப்பு வந்துவிட்டது. ஆக, கெடு என்பது பணம் கட்டுகிறவனுக்கு மட்டும்தான்.

இடையில் நான் வாங்கிய கடனுக்குத் தவணை ஓடுகிறது, குடியிருக்கும் வீட்டுக்கு வாடகையும் போகிறது. ஒருநாள் தவணை கட்ட முடியாமல் போனால் இதே வீடு மறுபடி ஏலத்துக்கு வரும். அப்போதும் சிம்பாலிக் பொசஷன்தான் இருக்கும், சந்தேகமில்லை.

கடன் கேட்டு வருகிறவனிடம் நீங்கள் தாய்ப்பத்திரம் கேட்கிறீர்கள், 30 வருட வில்லங்கம் கேட்கிறீர்கள், வக்கீல் கருத்து, இன்ஜினியர் மதிப்பீடு, வரைபட அனுமதி எல்லாம் கேட்கிறீர்கள். விற்கும்போது மட்டும் ‘உள்ளது உள்ளபடி’ என்று ஒரே வரி. அந்தப் பத்திரங்களும் மதிப்பீடும் உங்கள் லாக்கரிலேயே இருக்கின்றன. ஏலம் கேட்பவனுக்குக் காட்டினால் என்ன தேய்ந்துவிடும்? பழைய மின்கட்டண பாக்கியை ஏலம் எடுத்தவரிடம் கேட்க இடமுண்டு என்று 2023-ல் தீர்ப்பு வந்திருக்கிறது. ஆனாலும் அறிவிப்பில் ‘வங்கிக்குத் தெரிந்தவரை நிலுவை இல்லை’ என்றே அச்சாகிறது. மின்வாரியத்தில் விசாரிக்க ஒரு ஆளை அனுப்பினால் தெரியாதா?

அந்த வீட்டுக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பதிவு முடிந்து போய் நின்றபோது கேட்டுக்கு வந்தார். “நீங்கதான் எங்க வீட்டை எடுத்தவரா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வது? கடன் கொடுத்தது நீங்கள், வசூலித்துக்கொண்டதும் நீங்கள். அவர் முன்னால் போய் நிற்க வேண்டியவன் நானாம். ‘ஆள் வைத்துப் பேசி முடிச்சுக்குங்க’ என்று உங்கள் தரப்பில் எனக்கு யோசனை வேறு. அவரை வெளியேற்றக் கலெக்டரிடம் மனு போடும் அதிகாரத்தைச் சட்டம் கடன் கொடுத்தவருக்குத்தான் கொடுத்திருக்கிறது, எனக்கு இல்லை. அந்த வேலையை முடித்துவிட்டு விற்றால், உங்களுக்கும் நல்ல விலை வருமே. ஆள் இருக்கும் வீட்டுக்கு விலையைக் குறைத்துக் குறைத்துத் திரும்பத் திரும்ப ஏலம் போடுவதில் நஷ்டம் அந்தக் கடன்காரருக்கும்தானே?

கோபத்தில் கொஞ்சம் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மறுபடியும் பணிவாகவே கேட்கிறேன்: சாவி கைக்கு வந்த பிறகு ஏலம் விடுங்கள். அது முடியாது என்றால், வீட்டுக்குள் ஆள் இருக்கிறார்கள், வழக்கு இருக்கிறது என்பதைத் தமிழ் அறிவிப்பின் முதல் வரியில், விலைக்குப் போடும் அதே பெரிய எழுத்தில் போடுங்கள். சாவி தரும் தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதி தாண்டினால் நாங்கள் கட்டிய பணத்துக்கு வட்டி கொடுங்கள். தாமதத்துக்கு வட்டி போடுவது உங்களுக்குப் புதிதல்லவே.

என் வீட்டு விஷயத்தில், மனு எந்தத் தேதியில் போடப்பட்டது, இப்போது யாருடைய மேசையில் இருக்கிறது என்று எழுத்தில் இரண்டு வரி அனுப்பினால் போதும். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
ஏலத்தில் வீடு எடுத்து, வாடகை வீட்டில் இருப்பவன்