மழைக்கு முன்னாலேயே மாணவர்களைக் கூப்பிடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கல்லூரி ஹாம் ரேடியோ மன்றங்களின் சமூகப் பணி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹாம் ரேடியோ என்பது உரிமம் வாங்கியவர்கள் சொந்த ரேடியோ கருவியில் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளும் பொழுதுபோக்கு. பிள்ளைகளைப் பாராட்டியது மிகவும் சரி. ஆனால் பாராட்டோடு நிறுத்திக்கொண்டீர்களே என்ற குறை எனக்கு உண்டு.

2015 டிசம்பர் வெள்ளத்தை வேளச்சேரியில் இருந்து பார்த்தவன் நான். மின்சாரம் போனது, கொஞ்ச நேரத்தில் செல்போனும் போனது. யார் எந்த மாடியில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று வெளியே சொல்ல வழியில்லை. அடுத்த ஆண்டே வர்தா புயலிலும் இதே கதி. ஹாம்காரர்களுக்குச் செல்போன் கோபுரம் தேவையில்லை. 12 வோல்ட் பேட்டரி, மொட்டைமாடியில் இழுத்துக் கட்டிய கம்பி, 7 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்யும் ஒரு செட், இவை போதும், மாவட்டம் தாண்டிப் பேசிவிடலாம். ஊருக்குள் பேச 144 மெகாஹெர்ட்ஸ் கைக்கருவி. 2004 சுனாமியின்போது வேறு வேலையாக அந்தமான் போயிருந்த ஹாம் குழு, கையில் இருந்த கருவிகளை வைத்தே தீவிலிருந்து செய்திகளை வெளியே அனுப்பியது.

ஆனால் கருவி இருந்தால் மட்டும் ஆகாது. ஒரே அலைவரிசையில் இருபது பேர் காத்திருக்கும்போது, அந்தக் கூட்டுப் பேச்சை (ஹாம்காரர்கள் இதை ‘நெட்’ என்பார்கள்) நடத்துபவர் கூப்பிட்ட பிறகுதான் பேச வேண்டும். பெயர், கதவு எண், தெரு, எத்தனை பேர், கைக்குழந்தை உண்டா, யாருக்காவது இன்சுலின் வேண்டுமா என்று எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, ஒருமுறை திருப்பிப் படித்துக் காட்ட வேண்டும். கதவு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் படகு வேறு தெருவுக்குப் போய்விடும். இதை வெள்ளம் வந்த ராத்திரியில் கற்றுக்கொள்ள முடியாது.

அதனால் மாநகராட்சிக்கு ஒரு வேண்டுகோள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், செப்டம்பரிலேயே, ஒவ்வொரு மண்டல அலுவலகத்துக்கும் பக்கத்துக் கல்லூரி மன்றம் ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். அரை நாள் செல்போன்களை அணைத்துவிட்டு, மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகைக்கும் மண்டல அலுவலகங்களுக்கும் நடுவே ரேடியோவில் மட்டும் செய்தி போகட்டும். மண்டல அலுவலக மாடியில் ஆன்டெனா நிரந்தரமாகவே இருக்கட்டும்.

கல்லூரிகளும் மனது வைக்க வேண்டும். 12 வயது ஆனாலே உரிமத் தேர்வு எழுதலாம், தொடக்க நிலைக்கு மோர்ஸ் (புள்ளி, கோடு ஒலிகளால் எழுத்துகளை அனுப்பும் முறை) கூடத் தேவையில்லை. முதலாம் ஆண்டிலேயே எழுத வைத்தால்தான் உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறியான கால் சைன் வந்து, பழகி, அப்புறம் ஜூனியர்களுக்குச் சொல்லிக்கொடுக்க நேரம் இருக்கும். மன்ற அறையின் சாவி அலுவலக நேரத்தோடு பூட்டி வைக்கப்படக் கூடாது. புயல் பெரும்பாலும் ராத்திரியில்தான் பயமுறுத்துகிறது. நகரத்தின் மூத்த ஹாம்காரர்களையும் கூப்பிட்டால் பிள்ளைகளுக்குப் பெரிய பலம்.

எல்லா மண்டலத்திலும் ஒரே நேரத்தில் முடியாதென்றால் எங்கள் அடையாறு மண்டலத்தில் தொடங்கட்டும். கிண்டிப் பொறியியல் கல்லூரியும் ஐ.ஐ.டி.யும் கூப்பிடு தூரத்தில்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வேளச்சேரி, சென்னை