கவுன்சிலர் இல்லாத ஊரின் எம்.எல்.ஏ.க்களுக்கு

புதுச்சேரி சட்டமன்றத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உள்ளாட்சித் தேர்தலை நடத்த வையுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன். விவரம் உங்களுக்குத் தெரியாததல்ல. 1968-க்குப் பிறகு 2006-ல் ஒருமுறை நடந்தது. அதில் வந்தவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்தது. அதோடு சரி. 2021-ல் தேதி வரை அறிவித்துவிட்டு, இட ஒதுக்கீட்டுச் சிக்கலில் நிறுத்திவிட்டார்கள்.

சென்ற மழைக்கு முன்னால் எங்கள் தெருவில் தூர் வாருவதற்காக வாய்க்கால் சிலாப்பைத் தூக்கினார்கள். வேலை முடிந்தும் மூடவில்லை. போய்ச் சொன்னோம். அந்த வாய்க்கால் வேறு துறையுடையது என்றார்கள். அங்கே போனால், மூடி போடுவது முதலில் போன ஆபீசின் வேலை என்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. தண்ணீர் ஏறியதும் வாய்க்கால் எது, ரோடு எது என்று தெரியவில்லை. பால் வாங்கப் போன எதிர்வீட்டு அம்மா உள்ளே விழுந்தார். எழுபதைத் தாண்டியவர். இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, இன்று வாக்கரைப் பிடித்துக்கொண்டுதான் கழிப்பறைக்குப் போகிறார். பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் மகள் வேலையை விட்டுவிட்டார். தொகுதி எம்.எல்.ஏ. ஒரு போன் செய்தார், மறுநாளே சிலாப் வந்தது. அவருக்கு நன்றி. ஆனால் ஒரு சிலாப்புக்கு ஏன் எம்.எல்.ஏ. வர வேண்டும்? எங்கள் வார்டுக்கு ஒரு கவுன்சிலர் இருந்திருந்தால், அந்தப் பள்ளத்தைத் தாண்டித்தானே அவரும் தினமும் வீட்டுக்குப் போயிருப்பார்?

காலையில் உங்கள் ஆபீஸ் வாசலில் நிற்கும் கூட்டத்தைப் பார்க்கிறேன். தெருவிளக்கு, குப்பை, குழாயில் வரும் கலங்கல் தண்ணீர். சட்டம் இயற்றவும் பட்ஜெட்டைக் கேள்வி கேட்கவும் அனுப்பியவரை, வேறு ஆள் இல்லாததால் நாங்களே வார்டு வேலைக்கு இழுக்கிறோம். உங்களில் சிலருக்கு இது வசதியாகவும் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளக்குக்கும் குழாய்க்கும் உங்களையே நம்பியிருக்கும் தெரு, அடுத்த தேர்தலிலும் உங்களைத்தானே நினைக்கும்? வார்டில் நல்ல பெயர் எடுத்த கவுன்சிலர் நாளைக்கு உங்களை எதிர்த்து நிற்பார் என்ற பயத்தில்தான் தேர்தல் தள்ளிப்போகிறது என்று ஊரில் பேசுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

அப்படி ஒருவர் மேலே வந்தால் என்ன தப்பு? ராஜாஜி சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர். ஓ. பன்னீர்செல்வம் பெரியகுளம் நகராட்சியிலிருந்து கோட்டைக்குப் போனவர். நம்முடைய முதல் முதலமைச்சர் எதுவார் குபேர் இந்த நகரத்தின் மேயராக இருந்தவர்தான். 1954-ல் இந்தியாவோடு இணைவதா என்று கீழூரில் கூடி வாக்களித்த 178 பேரில் நகராட்சி உறுப்பினர்களும் இருந்தார்கள். 170 பேர் இணையலாம் என்றார்கள். நாம் எந்த நாடு என்று முடிவு செய்த அந்தப் பதவிக்கு இன்று ஆளே கிடையாது. 2014 மழையில் இடிந்த, நகராட்சியின் பழைய மேரி கட்டடத்தைக் கடற்கரைச் சாலையில் திரும்பக் கட்டி, 2021-ல் திறந்தும் ஆயிற்று. கட்டடத்துக்குக் கிடைத்த அக்கறை, அதில் உட்கார வேண்டிய பிரதிநிதிகளுக்குக் கிடைக்கவில்லை. பக்கத்தில் கடலூரில் 2022-ல் மக்கள் ஓட்டுப் போட்டுக் கவுன்சிலர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். இங்கே 2006-க்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்த்த யாருக்கும் அந்த ஓட்டு எப்படி இருக்கும் என்றே தெரியாது.

இன்னொன்று. மாநில அந்தஸ்து கேட்டுப் பத்து முறைக்கு மேல் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். டெல்லி நியமிக்கும் 3 எம்.எல்.ஏ.க்களும், நாங்கள் தேர்ந்தெடுத்த 30 பேரைப் போலவே சட்டமன்றத்தில் வாக்களிப்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. மக்கள் தேர்ந்தெடுத்தவருக்கே அதிகாரம் என்று டெல்லியிடம் கேட்கிறீர்கள். நியாயம்தான். அதே நியாயத்தை எங்கள் வார்டுக்கு ஏன் மறுக்கிறீர்கள்? நகராட்சியையும் கிராமப் பகுதிகளின் கொம்யூன் பஞ்சாயத்தையும் இத்தனை வருடமாக அதிகாரிகளை வைத்தே நடத்துவது மட்டும் எப்படிச் சரியாகும்? ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் என்பது 1993-லிருந்து அரசியல் சட்டத்தில் இருக்கிறது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த கூட்டத்தொடரில் கட்சி பார்க்காமல் எழுந்து, இட ஒதுக்கீட்டு வேலை எப்போது முடியும், தேர்தல் எந்தத் தேதியில் என்று அரசைக் கேளுங்கள். பதில் அவைக்குறிப்பில் ஏறட்டும். உள்ளாட்சித் தேர்தலை நடத்த வையுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
புதுச்சேரி வாக்காளர் ஒருவர்