கடைசி நிமிட மாற்றமும் நள்ளிரவு ஆட்டமும்

ஆசிரியருக்கு,

2014 கால்பந்து உலகக் கோப்பையில் பெனால்டிக்காகவே கோல்கீப்பரை மாற்றிய நெதர்லாந்து பயிற்சியாளர் வான் ஹாலை இன்றும் கொண்டாடுகிறோம். மாற்றாக வந்த டிம் குருல் இரண்டைத் தடுத்தார், சரி. 2021இல் நடந்த யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதியில் இங்கிலாந்து பயிற்சியாளர் சவுத்கேட் போட்டதும் அதே கணக்குதானே? பெனால்டி உதைக்கவென்றே ஆட்டம் முடியும் தறுவாயில் ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இறக்கினார். உடம்பு சூடாகக்கூட நேரமில்லை. ராஷ்ஃபோர்ட் தயங்கித் தயங்கி வந்து கம்பத்தில் அடித்தார். சாஞ்சோவின் பந்தை இத்தாலி கோல்கீப்பர் டோனாரும்மா தடுத்தார். அப்புறம் ஐந்தாவது உதை 19 வயது சாகாவுக்கு! அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஆட்ட நேரமும் அப்படித்தான். லண்டனில் ஞாயிறு இரவு 8 மணி, நமக்கு நள்ளிரவு 12.30. மறுநாள் பள்ளிக்கூடம் அங்கும் உண்டு. மாலை ஐந்துக்கு வைத்திருந்தால் என்ன குறைந்துவிடும்?

வாசகர், திருச்சி