வீடு கொடுத்தவர்களிடம் ஏன் ஒன்றுமே சொல்லவில்லை?

மதிப்பிற்குரிய தன்னார்வத் திட்டப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சீனாவின் செங்டூ நகரில் நீங்கள் எனக்கு ஏற்பாடு செய்த வீட்டுக்கு வந்து இன்றோடு இருபத்து நான்கு நாள்கள் ஆகின்றன. எனக்கு இடம் கொடுத்த குடும்பத்துக்கு நீங்கள் எதையும் சொல்லாமல் விட்டதைப் பற்றி உங்கள் அலுவலகத்துக்கு ஏற்கெனவே இரண்டு முறை எழுதிவிட்டேன். "பரிசீலிக்கிறோம்" என்ற ஒற்றை வரிதான் வந்தது. அதனால் இந்த முறை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் வந்த ஒன்பதாம் நாள் காலை, குடியிருப்பின் காவலாளி கதவைத் தட்டினார். இங்கே தங்கியிருக்கும் வெளிநாட்டவரைக் காவல் நிலையத்தில் பதிவு செய்தாகிவிட்டதா என்று கேட்டார். அப்போது வீட்டில் இருந்தது நானும் போபோவும்தான். செங்டூ இருக்கும் சிச்சுவான் மாகாண வழக்கில் பாட்டியை அப்படித்தான் அழைக்கிறார்கள். அவருக்கு 74 வயது. முழங்கால் வலி உண்டு. வீடோ ஆறாம் மாடி. பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது. என் கடவுச்சீட்டையும் தன் அடையாள அட்டையையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஒவ்வொரு படியாக இறங்கினார்.

காவல் நிலையத்தில் ஹுகோவ் என்னும் குடும்பப் பதிவேட்டையும் வீட்டுப் பத்திரத்தையும் கேட்டார்கள். வீடு போபோவின் பெயரில் இருக்கிறது; பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதும் அவருக்கு மட்டுமே தெரியும். மறுபடியும் ஆறு மாடி ஏறினார், மறுபடியும் இறங்கினார். நான்காம் மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்க நின்றவர், என்னைப் பார்த்து "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று கையை ஆட்டினார். அன்று முழுவதும் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அதிகாரி மரியாதையாகவே நடந்துகொண்டார். நான் எப்போது வந்தேன் என்று கேட்டபோது போபோ உள்ளதை உள்ளபடி சொன்னார். ஒரு வாரத் தாமதம். முதல் முறை என்பதால் அபராதம் போடவில்லை. எச்சரிக்கை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வளாகத்தில் முப்பது ஆண்டுகளாக வாழ்பவர் அவர். காவல் நிலையப் படியை மிதித்தது அதுவே முதல் முறை என்று வீட்டுப் பையன், அவருடைய பேரன், பிறகு சொன்னான்.

விதி உங்களுக்குத் தெரியாதது அல்ல. 2013 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் சீனாவின் வெளியேறல், நுழைவு நிர்வாகச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அது. விடுதியில் தங்காமல் வேறிடத்தில் தங்கும் வெளிநாட்டவரோ, இடம் கொடுத்தவரோ, வந்து 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் எச்சரிக்கை; அதோடு 2,000 யுவான் வரை அபராதமும் போடலாம். விடுதிக்குப் போகும் சுற்றுலாப் பயணிக்கு வரவேற்பு மேசையிலேயே இந்த வேலை முடிந்துவிடுகிறது. வீடுகளில் ஆள்களைத் தங்கவைப்பதையே தொழிலாகக் கொண்ட நீங்கள் மறக்கலாமா? எனக்குத் தந்த நாற்பது பக்கக் கையேட்டில், பதிவைக் குடும்பத்தினர் பார்த்துக்கொள்வார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் குடும்பத்தினரிடம் யார் சொன்னார்கள்? அவர்களுக்கு உங்களிடமிருந்து வந்தது என் பெயரும் புகைப்படமும் விமான நேரமும் மட்டுமே.

நான் கேட்பது ஒன்றுதான். எனக்கு நாற்பது பக்கம் எழுதியவர்கள், அவர்களுக்குச் சீன மொழியில் இரண்டு பக்கம் எழுதி, ஆள் வருவதற்கு முன்பே கையில் கொடுங்கள்.

அந்த இரண்டு பக்கத்தில் ஒரு வரி இருந்திருந்தால் முதல் நாள் இரவும் வேறாக இருந்திருக்கும். வசந்த விழா என்னும் சீனப் புத்தாண்டுக்காக மாடத்தில் தொங்கவிட்டு உலர்த்திய புகையூட்டிய பன்றி இறைச்சியில், கடைசியாக மிஞ்சியதை எனக்கென்று எடுத்து வைத்திருந்தார்கள். போபோ நல்ல துண்டாகப் பார்த்து என் கிண்ணத்தில் வைத்தார். நான் பிறந்தது முதல் சைவம். விண்ணப்பத்தில் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன். நான் தொடாமல் இருந்ததும் மேசை அமைதியாகிவிட்டது. சமையல் பிடிக்கவில்லை போலும் என்று பையனின் அம்மா மறுநாள் வேறு இறைச்சி வாங்கி வந்தார். இப்படியே நான்கு நாள். ஐந்தாம் நாள் பையன்தான் பாட்டியின் பேச்சுவழக்கில் விளக்கிச் சொன்னான். போபோ வாய்விட்டுச் சிரித்துவிட்டார். அவரே சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இறைச்சி தொடாதவராம். நம் கணக்கில் அமாவாசையும் பௌர்ணமியும். அன்று முதல் எனக்குத் தனி வாணலி. பன்றிக் கொழுப்பு சேர்க்காத கீரை. இவ்வளவு எளிதாகப் புரிந்துகொள்ளக்கூடியவர்களை நான்கு நாள் வருந்த வைத்தோம்.

பையனைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவனுக்குப் பதினைந்து வயது. ஜூனில் ஜோங்காவ் தேர்வு. பொது உயர்நிலைப் பள்ளியா தொழிற்பள்ளியா என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. நான் தூங்குவது அவனுடைய அறையில் என்பது மூன்றாம் வாரத்தில்தான் எனக்குத் தெரியவந்தது. இரவு ஒன்பது மணிக்குப் பள்ளியிலிருந்து வந்து, கூடத்தில் சாப்பாட்டு மேசையில் கோட்டுப் போட்டுக்கொண்டு படிக்கிறான், சோபாவில் தூங்குகிறான். வடக்கு நகரங்களில் இருப்பதுபோன்ற மையச் சூடேற்றல் செங்டூவில் இல்லை. மின்கம்பளி என் கட்டிலில் இருந்தது. மாற்றிக்கொள்வோம் என்று எவ்வளவோ மன்றாடினேன். விருந்தினரைக் கூடத்தில் படுக்க வைப்பதா என்று ஒப்புக்கொள்ள மறுத்துவிட்டார்கள். தனி அறை கட்டாயம் என்று சொல்லத் தெரிந்த உங்களுக்கு, அது யாருடைய அறை என்று கேட்கத் தோன்றவில்லை.

மாத முடிவில் நீங்கள் அனுப்பும் வினாத்தாளும் வந்திருக்கிறது. உணவு, தூய்மை, உபசரிப்பு ஆகியவற்றுக்கு ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று என்னைக் கேட்கிறீர்கள். நான் அதை நிரப்பப் போவதில்லை. அறையையும் கம்பளியையும் கொடுத்து, எனக்காக ஆறு மாடி இரண்டு முறை ஏறி இறங்கியவர்களுக்கு மதிப்பெண் போட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவர்களைக் கேட்கும் வினாத்தாள் உங்களிடம் உண்டா? வெளிநாட்டிலிருந்து வருகிறவர்தான் மனிதர், வீடு கொடுப்பவர் வெறும் முகவரி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது?

கோபத்தில் எழுதிவிட்டேன்; பொறுத்துக்கொள்ளுங்கள். திட்டத்தை மூடச் சொல்லவில்லை. இந்த வீட்டைவிட நல்ல வீடு எனக்குக் கிடைத்திருக்காது. அடுத்த அணி வருவதற்கு முன் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அந்த இரண்டு பக்கத்தைக் கொடுங்கள். வருபவர் என்ன சாப்பிடுவார், எத்தனை நாள் இருப்பார், என்னென்ன ஆவணம் தேவை, சிக்கல் வந்தால் யாரை அழைப்பது என்று சீன மொழியில் எழுதுங்கள். முதல் நாளே உங்கள் ஊழியர் ஒருவர் குடும்பத்தாருடன் காவல் நிலையத்துக்குப் போகட்டும்.

அதற்கு முன் உங்களில் ஒருவர் இந்த வீட்டுக்கு வந்து, நடந்தது அவர் பிழை அல்ல என்று போபோவிடம் நேரில் சொல்லுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மாலை ஆறு மணிக்கு மேல் அவர் வீட்டில்தான் இருப்பார்.

இப்படிக்கு,
பிப்ரவரி அணியில் வந்த தன்னார்வலர்,
செங்டூ