கிளிமஞ்சாரோவுக்கு ஏழு நாள் வேண்டும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வேலை கிடைத்த செய்தி படித்து வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பிப்ரவரியில் தான்சானியாவுக்குப் போய் கிளிமஞ்சாரோ மலை ஏற முடிவெடுத்ததாக எழுதியிருக்கிறாய். மாதம் சரியானதுதான். மார்ச் பாதிக்குமேல் பெருமழை பிடித்துக்கொள்ளும், அதற்குள் இறங்கிவிடு.

உச்சிக்குப் போகும் பாதைகளில் ஒன்றான மச்சாமே வழியில் ஆறு நாள் போதுமா, ஏழு நாள் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். ஏழு நாள் எடுத்துக்கொள். செலவைக் குறைக்க வேறு எதை வேண்டுமானாலும் விடு, அந்த ஒரு நாளை விடாதே.

வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய கால் உனக்கு. காலைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ஆனால் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். மச்சாமேயில் முதல் இரவுக் கூடாரமே அதைவிட உயரத்தில், சுமார் 2,850 மீட்டரில் இருக்கிறது. உச்சி 5,895 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதி. உடல் அதற்குப் பழக நாள்கணக்கு ஆகும். நம் ஊர் மலைகளில் எவ்வளவு ஏறினாலும் அந்தப் பழக்கம் வராது.

இரண்டாம் நாள் ஷிரா முகாம், சுமார் 3,800 மீட்டர். மூன்றாம் நாள்தான் முக்கியம். லாவா டவர் பாறைவரை, சுமார் 4,600 மீட்டர் ஏறி, அங்கே மதியம் சாப்பிட்டுவிட்டு, 3,950 மீட்டரில் இருக்கும் பராங்கோ முகாமுக்கு இறங்கித் தூங்குவார்கள். பகலில் உயரம், இரவில் தாழ்வு. பழகுவதற்கு இதைவிட நல்ல வழி கிடையாது. லாவா டவரில் தலை வலிக்கலாம். இறங்கியதும் வலி குறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை.

நான்காம் நாள் காலையில் பராங்கோ சுவர். 250 மீட்டர் உயரப் பாறை, கயிறு தேவையில்லை, கையையும் ஊன்றி ஏற வேண்டும். ஊன்றுகோல்களை மடித்துப் பையில் வைத்துவிடு. சுமை தூக்குபவர்கள் பின்னால் வந்தால் பாறைப் பக்கமாக ஒதுங்கி நில், பள்ளத்துப் பக்கம் ஒதுங்காதே. ஆறு நாள் திட்டத்துக்கும் ஏழு நாள் திட்டத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் தொடங்குகிறது. ஆறு நாள்காரர்கள் அன்றே இந்தச் சுவரையும் கரங்கா முகாமையும் தாண்டி 4,670 மீட்டரில் உள்ள பராஃபு முகாம்வரை நடந்து, மாலையில் களைத்துப்போய்ச் சேர்ந்து, இரவு 11 மணிக்கே உச்சிக்கு எழ வேண்டும். ஏழு நாள்காரர்கள் கரங்காவில் ஓர் இரவு தூங்குகிறார்கள். மறுநாள் மதியத்துக்குள் பராஃபு, இரண்டு வேளைச் சாப்பாடு, சில மணி நேரத் தூக்கம். பராஃபுவில் தண்ணீர் கிடையாது. சுமை தூக்குபவர்கள் கரங்கா ஓடையில் பிடித்துத் தலையில் சுமந்துதான் மேலே கொண்டுபோகிறார்கள். முகத்துக்கு நீர் கேட்குமுன் அதை நினைத்துக்கொள்.

நள்ளிரவில் கிளம்ப ஏன் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். மேல்சரிவு முழுக்க பொடிச்சரளை. இரவில் அது உறைந்து இறுகியிருப்பதால் கால் புதையாது. வெயில் ஏறினால் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும், மேகமும் மூடிவிடும். கிட்டத்தட்ட 1,200 மீட்டர் ஏற்றம், ஆறேழு மணி நேரம் பிடிக்கும். குளிர் மைனஸ் 10 முதல் 20 வரை போகும். உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப்பை முதல் ஒரு மணி நேரத்திலேயே உறைந்துவிடலாம். அகல வாய்ப் பாட்டிலில் வெந்நீர் ஊற்றி, காலுறைக்குள் நுழைத்து, தலைகீழாக வை. பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும் என்பதால் மூடிப் பக்கம் திறக்கும். கைப்பேசியும் விளக்கின் மாற்று பேட்டரியும் உள்சட்டைப் பையில் இருக்கட்டும், குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். பருத்தி உள்ளாடை, பருத்திக் காலுறை இரண்டும் வேண்டாம். வியர்வை காயாமல் உடம்பைக் குளிர்விக்கும்.

உயர நோயைத் தடுக்கப் போடும் டயமாக்ஸ் மாத்திரை பற்றி: ஏறுவதற்கு முந்தின நாளிலிருந்து காலை 125, இரவு 125 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. நம்மூரில் 250 மாத்திரை கிடைக்கும், பாதியாக உடை. விரல் நுனி கூசும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா வகை மருந்துகளுக்கு ஒவ்வாமை உனக்கு உண்டா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேள். வீட்டிலேயே இரண்டு நாள் போட்டுப் பார்ப்பது நல்லது. இது பழகுவதற்கு உதவும் மருந்து, அவ்வளவுதான். நாளைக் குறைத்துவிட்டு மாத்திரையை நம்பாதே.

எல்லாவற்றையும்விட ஆபத்து, தலைவலியை வழிகாட்டியிடம் மறைப்பது. திருப்பி அனுப்பிவிடுவார் என்ற பயத்தில் பலர் மறைக்கிறார்கள். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், ஒரு காலின் விரல்நுனிக்கு முன் மறுகாலின் குதிகாலை வைத்து நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, அப்போதே இறங்க வேண்டும். நுரையீரலிலோ மூளையிலோ நீர் கோத்துக்கொண்டால் இறங்குவதுதான் முதல் வைத்தியம். மற்றபடி வழிகாட்டிகள் ‘போலே போலே’ என்பார்கள், மெள்ள மெள்ள என்று பொருள். பேச்சு தடைப்படாத வேகத்தில் நட. தினம் மூன்று நான்கு லிட்டர் குடி. மேலே பசி செத்துவிடும். புளிக்காய்ச்சலும் எலுமிச்சை ஊறுகாயும் கொஞ்சம் கொண்டுபோ, சாதம் உள்ளே இறங்கும். தான்சானியாவில் பிளாஸ்டிக் கேரி பேக் 2019 ஜூன் 1 முதல் தடை, டப்பாவில் அடைத்துக்கொள்.

விலை விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி கிடையாது, பூங்காக் கட்டணம் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றே. அப்படியிருக்க ஒருவர் மட்டும் பாதி விலை சொன்னால், அந்தப் பணம் சுமை தூக்குபவரின் கூலியிலும் சோற்றிலும்தான் பிடிக்கப்படுகிறது. ஒருவர் தூக்கும் சுமைக்கு உச்சவரம்பு 20 கிலோ. உன் பை 15 கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொள். முன்பணம் கட்டுமுன் சுமை தூக்குபவர்களுக்கு மூன்று வேளைச் சாப்பாடு உண்டா, தினக்கூலி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்கு. மலையடிவார ஊரான மோஷியில் அவர்களின் நலனைக் கண்காணிக்கும் அமைப்பு இருக்கிறது. அதில் சேர்ந்த நிறுவனமா என்றும் கேள். கடைசி நாள் அன்பளிப்பை வழிகாட்டியிடம் மொத்தமாகக் கொடுக்காமல், எல்லோர் முன்னிலும் யாருக்கு எவ்வளவு என்று சொல்லிக் கொடு.

இறக்கத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. உச்சி தொட்ட அன்றே ம்வேகா முகாமுக்கு, சுமார் 2,800 மீட்டர் கீழே வர வேண்டும். முழங்கால் அன்றுதான் பேசும். கால்விரல் நகங்களை ஒட்ட வெட்டு, இறங்குமுன் பூட்ஸ் கயிற்றைக் கணுக்காலில் இறுக்கிக் கட்டு. இப்போதிலிருந்தே மாடிப்படி ஏறுவதோடு மெதுவாக இறங்கவும் பழகு. பூட்ஸை இந்த மாதமே வாங்கிவிடு, இரண்டு மாதமாவது காலில் கிடந்து பழகட்டும். காப்பீடு 6,000 மீட்டர் உயரம்வரை செல்லுமா என்று ஆவணத்தில் பார். பல திட்டங்கள் 4,000 மீட்டரோடு நின்றுவிடும்.

மருத்துவர் என்ன சொன்னார் என்று எழுது. எந்த நிறுவனம் என்று முடிவு செய்யுமுன் அவர்கள் அனுப்பும் நாள்வாரித் திட்டத்தை எனக்கும் அனுப்பு. கரங்காவில் இரவு இருக்கிறதா என்று முதலில் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்