அந்த 3 லிட்டர் யாருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

கத்திரி வெயில் தொடங்கினால் உங்கள் பேப்பரில் தவறாமல் ஒரு பெட்டிச் செய்தி வரும், தினமும் 3 லிட்டர் தண்ணீர் குடியுங்கள் என்று. போன மே மாதம் வந்ததை என் மாமியார் கத்தரித்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினார். அவருக்கு 79 வயது, இதயம் பலவீனம், பிரஷருக்குக் காலையில் ஒரு தண்ணி மாத்திரை வேறு, அதாவது சிறுநீரை அதிகம் பிரிய வைக்கும் மாத்திரை. பேப்பரில் போட்டுவிட்டால் அவருக்கு அது அரசாணை மாதிரி. ஒரு லிட்டர் பாட்டிலை மூன்று தடவை நிரப்பிக் காலி செய்த பிறகுதான் படுப்பார். பத்தாவது நாள் கால் வீங்கி, படுத்தால் மூச்சு வாங்கி, பேரனைப் பார்த்து இந்தப் பையன் யார் என்று கேட்டபோது, அலறியடித்துக்கொண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். ரத்தத்தில் சோடியம் 121. இருக்க வேண்டியது 135-லிருந்து 145-க்குள்.

இதில் வெட்கக்கேடு என்னவென்றால், நான் 34 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்த ஃப்ரிட்ஜைத் தினமும் இருபது தடவை திறப்பவளும் நான்தான்.

சோடியம் குறைந்துவிட்டது என்றதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பாட்டில் உப்பைக் குறைத்ததுதான் காரணம் என்றார்கள். ரசத்தில் தண்ணீர் கூடிப்போனால் நாக்குக்கு உப்பு குறைந்த மாதிரிதான் தெரியும், போட்ட உப்பு எங்கேயும் போகவில்லை. மாமியார் உடம்பிலும் பெரும்பாலும் அதுதான் நடந்தது. தண்ணி மாத்திரையும் தன் பங்குக்குக் கொஞ்சம் உப்பை வெளியே தள்ளியிருந்தது. சரி, உடனே ஒரு பாட்டில் ஏற்றிச் சரி பண்ணிவிடலாமே என்றால் அதுவும் முடியாது. சோடியம் ஒரு நாளில் எட்டு பத்துப் புள்ளிக்கு மேல் ஏறினால் மூளையையே கெடுத்துவிடும். அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு, நீர் பிரிய ஊசி போட்டு, தண்ணீர் நாளைக்கு 1200 மில்லிக்கு மேல் கூடாது என்று டாக்டர் எழுதினார்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்ததை. கட்டில் ஓரம் ஐ.ஓ. சார்ட் தொங்கியது. உள்ளே போனது, வெளியே வந்தது. மூன்று நாளும் ஒரே எண், உள்ளே 1200, வெளியே 1000. மனுஷ உடம்பு அப்படிக் கணக்குப் பிசகாமல் நடக்காது. நானே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து எண்ணினேன். ஆன்டிபயாடிக் கலந்து ஏற்றும் 100 மில்லி பாட்டில் மூன்று வேளைக்கு 300 மில்லி, அது சார்ட்டில் இல்லை. பார்க்க வந்தவர்கள் ஃபிளாஸ்கில் கொண்டுவந்த கஞ்சி, டீ எதுவும் இல்லை. டயப்பரில் போன சிறுநீருக்கு 'போனது' என்று ஒரு டிக், அவ்வளவுதான், எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

ஸ்டோர் ரூமில் இருந்த எடை மிஷினைக் கேட்டு வாங்கி நாலாம் நாள் காலையில் மாமியாருக்கு எடை பார்த்தேன். சேர்த்த அன்றைக்கு 54.2 கிலோ, இப்போது 55.8. அரை வயிறு சாப்பிடும் கிழவிக்கு மூன்று நாளில் ஒன்றரைக் கிலோ சதை எங்கிருந்து வரும்? ஏறியது தண்ணீர்தான், ஒரு கிலோ என்றால் ஒரு லிட்டர். சார்ட்டின்படி மூன்று நாளில் உள்ளே தங்கியது 600 மில்லி. வியர்வையிலும் மூச்சிலும் தினம் அரை லிட்டருக்குக் குறையாமல் போகும், அதைக் கழித்தால் எடை இறங்கியிருக்க வேண்டும். டாக்டரிடம் காட்டினேன், நல்ல மனுஷன், கோபித்துக்கொள்ளவில்லை, அன்றைக்கே ஊசியின் அளவைக் கூட்டினார். அடுத்த சில நாளில் சோடியம் மெல்ல மெல்ல ஏறி 133-க்கு வந்தது. பேரன் பெயரும் திரும்பி வந்தது.

அந்த வார்டு சிஸ்டரை நான் குறை சொல்லவில்லை. ஒரு ஆள் இருபது கட்டிலைப் பார்க்கும்போது என்ன செய்வாள்? நைட் டூட்டி முடிகிற நேரத்தில் பேனாவை எடுத்து முந்தின நாள் எண்ணையே சுற்றி வளைத்துப் போட்ட காலம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்தின் அளவே முடிவாகிறது.

அதனால் கூட இருப்பவர்களிடம்தான் கேட்கிறேன். கொண்டுபோகும் டம்ளர் எத்தனை மில்லி என்று ஒரு தடவை அளந்துவிடுங்கள். எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர் 220, காபி பேப்பர் கப் 90. ரசம், மோர், கஞ்சி, இளநீர், ஐஸ்கிரீம் எல்லாமே கணக்கில் வரும். நனைந்த டயப்பரை எடை போட்டு, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் மிச்சம் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது சிறுநீர் வர வேண்டும், தொடர்ந்து அதற்குக் கீழே போனால் சிஸ்டரைக் கூப்பிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேல் தினமும் காலையில், சிறுநீர் போன பிறகு, சாப்பிடும் முன், அதே மிஷினில் எடை.

உடம்பில் தண்ணீர் இல்லையா என்று பார்க்கப் புறங்கையைக் கிள்ளிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறதே, வயதானவர்களிடம் அது பலிக்காது, தோல் எப்படியும் தொய்ந்துதான் இருக்கும். நாக்கு காய்ந்திருக்கிறதா என்று பாருங்கள், எழுந்து நின்றால் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள். அப்புறம் இந்த இளநீர். ஆளுக்கு ரெண்டு வாங்கி வருகிறீர்களே, கிட்னி பேஷண்டா என்று கேட்டீர்களா? அதில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. ரத்தத்தில் பொட்டாசியம் 5-க்குள் நிற்க வேண்டும், ரொம்ப ஏறினால் இதயமே நின்றுபோகும். வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டிலும் அளவு முக்கியம், ஒரு லிட்டரில் கலக்க வேண்டியதை ஒரே டம்ளரில் கலக்கிக் குழந்தைக்கு ஊட்டுகிறவர்களை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

ஐப்பசி மழையோடு டெங்கு வரும்போது எல்லாரும் பிளேட்லெட் பிளேட்லெட் என்றே கேட்பார்கள். காய்ச்சல் விட்ட பிறகுதான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும் ஆபத்து. அந்த இரண்டு நாளில் பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு, நீர் கசிந்தால் இது ஏறும்) எவ்வளவு, சிறுநீர் எவ்வளவு என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

மருத்துவமனைகள் வார்டுக்கு ஒரு எடை மிஷினை வெளியில் வைத்தால் போதும், பெரிய செலவில்லை. உங்களிடம் கேட்பது இன்னும் சின்னது. அடுத்த கத்திரிக்கு அந்தப் பெட்டிச் செய்தி வரும்போது, இதயம், கிட்னி, ஈரல் நோயாளிகளும் தண்ணி மாத்திரை சாப்பிடுகிறவர்களும் எவ்வளவு குடிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுவிட்டுக் குடிக்கவும் என ஒரு வரி சேருங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், மாமியார் பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டாஃப் நர்ஸ்,
பெரம்பூர், சென்னை